தெரிந்த முகம்

ஐடி கார்டைக் கேட்டால் முகத்தைக் காட்டுகிற பேராசிரியர் எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலும் ஒருவராவது இருப்பார். கொல்கத்தாவில் துறைக்கு ஒருவர். எங்களுக்கு வாய்த்தவர் தமிழர். லேக் மார்க்கெட் பக்கம் முப்பது வருஷக் குடித்தனம். வாசலில் காவலாளி கையை நீட்டியதும் கண்ணாடியைக் கழற்றுவார், குடையைத் தாழ்த்துவார், முகத்தை வெளிச்சத்துக்கு வாட்டமாகத் திருப்பி பாஸ்போர்ட் சைஸுக்கு நிற்பார். "ஆமாகே சேனோ நா?" என்னைத் தெரியாதா உனக்கு?

தெரியாது. எப்படித் தெரியும்? காவலுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி அடிக்கடி மாறுகிறது. இந்தப் பையன் விடியற்காலையில் கேனிங் லோக்கலைப் பிடித்து வந்திருக்கிறான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: கார்டு இருந்தால் உள்ளே விடு; இல்லையென்றால் ரிஜிஸ்டரில் பெயர், போன் நம்பர், யாரைப் பார்க்க வந்தார் என்று எழுத வை. ரிஜிஸ்டரை நீட்டினான். சார் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "யாரைப் பார்க்கன்னு போடறது? நான் என்னைத்தான் பார்க்க வந்திருக்கேன்."

அடுத்து ஜோல்னாப் பை திறக்கும். கார்டைத் தேடுவதற்கு அல்ல. கார்டு அதில் இல்லை என்பது அவருக்கும் எங்களுக்கும் தெரியும். தான் யார் என்று நிரூபிக்க. முதலில் டிபன் டப்பா. வீட்டு இட்லி என்று காவலாளியிடம் விளக்கம். பிறகு ஜெலுசில் அட்டை, பங்குனி வெயிலிலும் பையை விட்டு இறங்காத மங்கி கேப், மெட்ரோ ஸ்மார்ட் கார்டு, சால்ட் லேக் புத்தகக் கண்காட்சியின் பழைய வரைபடம், எல்.ஐ.சி. ரசீது. கடைசியாக, ஓரம் கறுத்துப்போன தேசிய நூலக உறுப்பினர் சீட்டு. "பாரு, அலிப்பூர்ல என்னை எப்பவோ ஒத்துக்கிட்டாங்க!" பையன் அதையும் பொறுமையாக வாங்கிப் பார்க்கிறான். அவன் கழுத்தில் ஏஜென்சி கொடுத்த அட்டை தொங்குகிறது. அதை ஒருநாள் மாட்டாமல் வந்தால் அன்றைய கூலியில் பிடித்துவிடுவார்கள். பின்னால் தூறலில் நாங்கள், எங்களுக்குப் பின்னால் ஒன்பதரை மணி வகுப்பைக் கோட்டைவிட்ட மாணவர்கள்.

நிஜமான கார்டு எங்கே? வீட்டில் கோத்ரெஜ் பீரோவில், மாமியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில், உறைக்குள் உறை போட்டுப் பத்திரமாக இருக்கிறது. தொலைந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். போலீஸ் தானாவுக்குப் போய் ஜெனரல் டைரி எழுதணும், அந்த நகலோடு விண்ணப்பிக்கணும், டூப்ளிகேட்டுக்குப் பணம் கட்டணும், அதற்குள் ரிடையரே ஆகிவிடலாம். ஆகவே வெளியே எடுப்பதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அதிலிருக்கும் போட்டோ தலை நிறைய கறுப்பு முடி இருந்த காலத்தது. "அதைக் காட்டினா, இது நீங்க இல்லைன்னு நிச்சயமா வெளியே நிறுத்திடுவான்."

பை காலியான பிறகு ராமன் வருவார். காவலாளிக்கு வங்காள மொழியில், பின்னால் நிற்கும் எனக்குத் தமிழில். "1907-ல சி.வி. ராமன் இந்த ஊருக்குக் கணக்குத்துறை அதிகாரியா வந்தார். டிராம்ல போறப்ப பௌபஜார் தெரு 210-ஆம் நம்பர்ல ஒரு போர்டைப் பார்த்தார். இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம்னு. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார், அங்கே இருந்த ஆஷு தே திறந்தார். கார்டு எங்கேன்னா கேட்டார்? கேட்டிருந்தா 1928 பிப்ரவரி 28 ஏது, ராமன் விளைவு ஏது, நோபல் பரிசுதான் ஏது?" மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தொடங்கிய அந்தச் சங்கம் கார்டில்லாத ஒருவருக்குக் கதவைத் திறந்தது உண்மைதான். கோட்டும் தலைப்பாகையுமாக ஓர் அதிகாரி வந்து நின்றால் இன்றைக்கும் எந்த வாசலிலும் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதும் உண்மை. ராமன் 1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் ஆன கட்டத்துக்குக் கதை போவதற்குள் பையன் களைத்துப்போய் வழிவிட்டுவிடுவான்.

இதே மனிதரைத் தேர்வு அறையில் பார்க்கவேண்டும். கார்டை மறந்துவிட்டு வந்த பெண்ணொருத்தி, "ஸ்யார், தினமும் உங்கள் வகுப்பில் முன்வரிசையில்தானே உட்காருகிறேன்" என்று கெஞ்சினாள். சார் அசையவில்லை. "எனக்குத் தெரியும்மா. பல்கலைக்கழகத்துக்குத் தெரியணுமே!"

நல்ல மனுஷர், அதில் சந்தேகமில்லை. முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கார்டு அச்சாகி வர பூஜை விடுமுறை தாண்டிவிடும். அதுவரை கட்டணம் கட்டிய ரசீதை எட்டாக மடித்து வைத்துக்கொண்டு வாசலில் முழிப்பார்கள். அவர்களில் ரெண்டு பேரைக் குடைக்குள் இழுத்துக்கொண்டு, "என்னோட ஆளுங்க" என்று உள்ளே கூட்டிப் போய்விடுவார். கார்டில்லாதவர் சிபாரிசில் கார்டில்லாதவர்கள் நுழைகிற காட்சியைக் காவலாளி வாயடைத்துப் பார்ப்பான்.

ஆனால் இந்தத் 'தெரிந்த முகம்' எனக்கு வேடிக்கையாகத் தெரிவது குறைந்துகொண்டே வருகிறது. 2023 ஆகஸ்டில் ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதியில் முதலாண்டு மாணவன் ஒருவன் இறந்துபோனான். ராகிங் என்று வழக்கு. கைதானவர்களில் படிப்பை முடித்த பழைய மாணவர்களும் உண்டு. அதன் பிறகுதான் அங்கே இரவு எட்டு மணியிலிருந்து காலை ஏழு மணிவரை உள்ளே நுழையக் கார்டு கட்டாயம் என்று உத்தரவு வந்தது, கேமரா வந்தது. கார்டு வாங்கிப் பார்த்தால் ராகிங் நின்றுவிடுமா என்று சார் கேட்கிறார். நிற்காதுதான். ஆனால் படித்து முடித்தவன் எப்படி விடுதியில் தங்க முடிகிறது? எல்லோருக்கும் தெரிந்த முகம் என்பதால்தானே? அவனையும் யாரும் கேட்கவில்லை.

யாருடைய முகம் செல்லும் என்பதற்கும் இங்கே கிரேடு இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் ஒப்பந்தக் கூலிக்கு வேலை பார்க்கிறவர் சாரைவிட ஒழுங்காகத் தினமும் வருகிறவர். அவருடைய கார்டு காலாவதியாகிவிட்டது, புதுசு ஆபீசில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அவர் முகத்தைக் காட்டினால் எடுபடாது, ராமனைச் சொன்னாலும் எடுபடாது. ரிஜிஸ்டரில் தினமும் எழுதுகிறார். யாரைப் பார்க்க என்ற இடத்தில் சாரின் பெயரைப் போடுகிறார்.

சாருக்கு அடுத்த வருஷம் ஓய்வு. போன வாரம் உற்சாகமாக என் அறைக்கு வந்தார். ஓய்வூதியக்காரர்கள் உயிரோடிருப்பதற்குக் கொடுக்கிற சான்றை 2021 முதல் மத்திய அரசு போனில் முகத்தைப் படமெடுத்தே பதிய விடுகிறதாம், யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பார்த்தியாப்பா? கவர்ன்மெண்டே சொல்லிடுத்து. முகம் போதும்!"

"முகம் போதும் சார். ஆனா முதல்ல ஆதார் நம்பரைப் போடச் சொல்லும். ஆதார் கார்டு வச்சிருக்கீங்களா?"

"இருக்கே. பீரோவுல."