லெதருக்கு மேல் துண்டு

சென்னை ஜி.பி. ரோட்டில் சீட் கவர் கடைக்காரரின் முதல் கேள்வி: "சார், நாப்பாவா, சாதா லெதரா?" மிருதுவான தோல் என்று அவர் எடுத்துப் போடும் 'நாப்பா'வும் பெரும்பாலும் பி.யு. (பாலியூரித்தேன்) பூசிய துணிதான், தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மாடு சத்தியமே செய்யும்.

சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் ஏறி அந்தக் கவரில் சாய்ந்தால், தோசைக்கல்லில் மாவு படும்பாடு முதுகுக்குப் புரியும். அதனால் லெதருக்கு மேல் மரமணி விரிப்பு, அதற்கும் மேல் ஈரிழைத் துண்டு. கம்பெனி கொடுத்த அருமையான துணி சீட்டோ, அடியில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் அடுத்து வாங்கப்போகிறவருக்காகக் காத்திருக்கிறது.

சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் மட்டும் விளையாட்டு வேண்டாம். கவரின் அந்த ஓரத் தையல் பிரிந்து வழிவிடுமா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.