டாக்டர் பட்டம் வாங்கியாச்சு, அடுத்து?

எர்ணாவூர் வாசகி: என் மகள் பிஎச்.டி. முடித்துவிட்டாள். இப்போது 'போஸ்ட்டாக்' தேடுகிறேன் என்கிறாள். இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பாள்?

படிப்பு முடிந்தது, அம்மா. இது வேலை. சம்பளம் உண்டு, நிரந்தரம் கிடையாது. மத்திய அறிவியல் துறைகளின் திட்டங்களில் ரிசர்ச் அசோசியேட்டுக்கு 2023 முதல் மாதம் 58,000 ரூபாயில் ஆரம்பம். வீட்டு வாடகைப்படி தனி. "டாக்டராமே, ஊசி போடுவாளா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுங்கள்.

திருவொற்றியூர் வாசகர்: 'மதிப்பிற்குரிய ஐயா' என்று போட்டு நாற்பது பேராசிரியர்களுக்கு ஒரே மெயில் அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லையே?

கல்யாணப் பத்திரிகையைக்கூடப் பேர் எழுதித்தானே கொடுக்கிறோம்? போஸ்ட்டாக் இடங்களில் பல விளம்பரத்துக்கே வராது; ஆளைப் பார்த்துத் திறக்கும் கதவு அது. எழுத உங்கள் ஊர்ப் பக்கமே ஆராய்ச்சிச் சரக்கு கிடக்கிறது. 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்து எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியது. அனல்மின் நிலையச் சாம்பலோ வருஷக்கணக்கில் சேர்கிறது. இப்போது மெயிலை மாற்றுங்கள்: "சேற்றில் எண்ணெய் சிதையும் வேகம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எண்ணூர்ச் சேற்றில் எண்ணெயோடு சாம்பலும் கலந்திருக்கிறது. அங்கே அந்த வேகம் கூடுமா, குறையுமா? என்னால் மாதிரி எடுக்க முடியும்." அவ்வளவுதான். அந்தச் சேற்றில் எங்கே கால் வைக்கலாம் என்பது கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்க உங்களுக்குத் தெரியும். இது எந்த பயோடேட்டாவிலும் வராத தகுதி. இரண்டு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல் போடுங்கள். மூன்றாவது வேண்டாம்.

எண்ணூர் வாசகர்: சென்னையில் மாசு எல்லாம் வடக்கே, ஆராய்ச்சி நிலையம் எல்லாம் தெற்கேயா?

கடலோர ஆராய்ச்சி மையமும் கடல் தொழில்நுட்பக் கழகமும் பள்ளிக்கரணையில், தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாறில். சேறு வடக்கே, ஃப்ரீசர் தெற்கே. நடுவே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்தான் போஸ்ட்டாக்.

ராயபுரம் வாசகி: எனக்கு 36 வயது. கதவு மூடிவிட்டதா?

உங்களுக்கு மூடவில்லை. அநுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு வரம்பு 35. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு. ஆனால் வழிகாட்டியின் சம்மதம் இல்லாமல் விண்ணப்பம் நகராது. ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெலோஷிப்பில் வயதே கேட்பதில்லை, பிஎச்.டி. வாங்கி 8 ஆண்டுக்குள் இருந்தால் சரி. அந்தத் தேதியை மட்டும் மறைக்க முடியாது!

காசிமேடு வாசகர்: எத்தனை நிராகரிப்பைத் தாங்கலாம்?

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், யேலில் போஸ்ட்டாக்காக இருந்தபோது ஆசிரியர் வேலை கேட்டுச் சுமார் 50 இடங்களுக்கு எழுதினார். ஒன்றும் அமையவில்லை. 2009-ல் நோபல் அமைந்தது. இதை வீட்டில் அடிக்கடி சொல்லாதீர்கள், "நோபல் எப்போ?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

தண்டையார்பேட்டை வாசகர்: பெண்ணுக்கு வந்திருக்கும் வரன் போஸ்ட்டாக்காம். சரி சொல்லலாமா?

பெண் சரி என்றால் சரி. இரண்டு வருஷ ஒப்பந்தம் வேலைக்குத்தான். அடுத்து எந்த ஊர் என்று மட்டும் மாப்பிள்ளையைக் கேட்காதீர்கள். பாவம், அவருக்கே தெரியாது.