குறிகட்டுவானில் மோட்டர் எயர் பிடித்தல்: முன்னாய்வுக்கு ஒரு முன்னாய்வு

புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேற வருவோர் கடலைப் பார்க்கின்றனர். கிணற்றைப் பார்ப்போர் இலர். இவ்வாய்வு இடைவெளியை நிரப்புவதே கட்டுரையின் நோக்கம். கிணறு நிரம்புமா என்பது ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

வீட்டு மோட்டருக்கு வரும் நோய்கள் மூன்று. முதலாவது, கரண்ட் இல்லாமை: விளக்கம் வேண்டா. இரண்டாவது, உறுமியும் சுழலாமை: கப்பாசிட்டர் போயிருக்கும், அல்லது உப்புக்காற்றில் துருவேறி இறுகியிருக்கும். மூன்றாவது, எயர் பிடித்தல். புலமையுலகம் வாழ்வது இதனாலேயே.

மோட்டர் ஓடும்; தாங்கியில் சொட்டும் விழாது. உடனே கிணற்றடியில் மூன்று மரபினர் கூடுவர். பூட்வால்வ் மரபினர், "அடியில பாசி அடைச்சிருக்கு, ஏறின தண்ணி திரும்ப இறங்குது" என்பர் (காண்க: பக்கத்து வீட்டு அண்ணை, மதிலுக்கு மேலால்). மூட்டு மரபினர், உறிஞ்சுபைப்பின் மூட்டால் காற்றுப் போகிறது, வெள்ளை நாடா சுற்று என்பர் (மேற்படி அண்ணையின் மச்சான், சைக்கிளை விட்டு இறங்காமலே).

ஆழ மரபினர் துணைக்கு இத்தாலியரை அழைப்பர். உறிஞ்சுபம்பு ஏறத்தாழ 18 இத்தாலிய முழத்துக்கு மேல் நீரேற்றாது என்று கலிலியோ 1638இல் எழுதினார். காரணம் வளியமுக்கம் என்று 1644இல் தொரிசெல்லி விளக்கினார். கணக்குப்படி 10.3 மீற்றர், நடைமுறையில் ஏழெட்டு. தீவகத்தின் ஆழங்குறைந்த வீட்டுக் கிணறுகளுக்கு அந்த எல்லை பெரும்பாலும் தேவையே இல்லை. ஆயினும் அவர்கள் விடார் (வாளிக்கயிற்றுச் சுவடி, முடிச்சு 4, நனைந்த பக்கம், மறுப்பு: அதே கயிறு, காய்ந்த பக்கம், மறுப்பின் மறுப்பு: கயிறு அறுந்தமையால் கிடைத்திலது).

இதற்கிடையில் வீட்டு ஆச்சி பம்பின் மேல்மூடியைக் கழற்றி, குமிழி அடங்கும்வரை செம்பால் தண்ணீர் வார்த்து, மூடியை இறுக்கி, சுவிட்சைப் போடுவார். தண்ணீர் வரும். கட்டுரை எதையும் சமர்ப்பிக்காமையால் அவருக்கு அடிக்குறிப்பிலும் இடமில்லை. பல்கலைக்கழக வழக்கமும் அதுவே.

இத்துடன் ஆய்வு முடிந்தது என்போர் அந்தத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்காதவர்கள். சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. ஆதலால் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும். கைபன், ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவர் தனித்தனியே கண்ட கணக்கு இது. மேலே 1 அடியை நிரந்தரமாக இறைத்துவிட்டால், கீழே உவர்நீர் நாளடைவில் அந்த 40 அடியும் ஏறும். துலாவால் அள்ளிய காலத்தில் கிணற்றுக்கு ஊற அவகாசம் இருந்தது. மோட்டர் அதைக் கொடுப்பதில்லை, எயர் பிடித்தால் ஒழிய.

ஆகவே இங்கு மோட்டர் பூட்டுவோருக்கு ஒரு வேண்டுகோள்: பெரிய பம்பு வாங்காதீர்கள். பூட்வால்வைக் கிணற்றின் அடிவரை இறக்காமல், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்கவிடுங்கள். தாங்கியை ஒரே மூச்சில் நிரப்பாமல் விட்டுவிட்டு இறையுங்கள்.