பாஸ் அவுட் ஆனவர்கள் கவனத்துக்கு

கே: என் மகன் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் போன வருடம் பாஸ் அவுட் ஆனான். லண்டனிலிருந்து வந்திருந்த நாத்தனார் மகனிடம் இதைப் பெருமையாகச் சொன்னால், "ஐயோ, இப்போ பரவாயில்லையா அத்தை?" என்று பதறுகிறான். எதற்கு?
– வாசகி, அஸ்தினாபுரம்

ப: அவன் ஊரில் சாதாரணமாக ஒருவன் 'பாஸ் அவுட்' ஆனான் என்றால் பொத்தென்று மயங்கி விழுந்தான் என்று அர்த்தம். பட்டம் வாங்கினால் 'கிராஜுவேட்' ஆனான் என்பார்கள். அதற்காக நீங்கள் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டாம். பையனை மின்சார ரயிலில் ஏற்றிப் பரங்கிமலைக்கு அழைத்துப் போங்கள். 1963-ல் தொடங்கிய ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலும் மார்ச்சிலும் செப்டம்பரிலும் பயிற்சி முடித்த இளைஞர்கள் (1993 முதல் பெண்களும்) பரமேஸ்வரன் மைதானத்தில் அணிவகுப்பார்கள். பிறகு பெற்றோர் வந்து தோளில் நட்சத்திரம் குத்துவார்கள். அந்த அணிவகுப்புக்குப் பெயர் 'பாஸிங் அவுட் பரேட்'. பிரிட்டனின் ராணுவத்திலும் அதே பெயர்தான்; அகராதியிலும் இருக்கிறது. பட்டாளத்துக்காரர்கள் வைத்திருந்ததை நாம் பி.காமுக்கும் பாலிடெக்னிக்குக்கும் எடுத்துக்கொண்டோம். அவ்வளவுதான் குற்றம்.

கே: பரேடில் நிற்கும்போதே ஒருவர் மயங்கி விழுந்தால்?
– ப்ளஸ் டூ மாணவர், செம்பாக்கம்

ப: குறும்பு! லண்டனில் 2023 ஜூனில் மன்னர் பிறந்தநாள் அணிவகுப்புக்கு ஒத்திகை நடந்தது. 30 டிகிரி வெயில், தலையில் கரடித்தோல் தொப்பி. இளவரசர் வில்லியம் கண்முன்னே காவலர்கள் சிலர் சுருண்டு விழுந்தார்கள். முப்பது டிகிரிக்கே! நம் ஊர்க்காரர்கள் அதை மார்கழிக் குளிர் என்று மப்ளர் கட்டுவார்கள்.

கே: 'பாஸ் ஆனான்', 'பாஸ் பண்ணினான்' இரண்டில் எது சரி?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், சேலையூர்

ப: இரண்டுமே சரி, ஐயா. ஆனால் யார் எப்போது எதைச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். "பாஸ் பண்ணிட்டேன்" என்பான் பையன். உழைப்பு அவனுடையது. "எப்படியோ பாஸ் ஆயிட்டான்" என்பார் அப்பா. அதில் பிள்ளையாருக்கும் பங்கு உண்டு. மார்க் குறைந்தால்தான் வேடிக்கை. அதே பையன் "பெயில் பண்ணிட்டாங்க" என்பான். வினைச்சொல் மாறவில்லை, எழுவாய்தான் ஓடிப்போய்விட்டது. யார் பண்ணினார்கள் என்று கேட்டால் கை உங்களைப் போன்ற ஆசிரியர் பக்கம் நீளும். ஆங்கில வினையை அப்படியே தூக்கி வந்து 'பண்ணு', 'ஆகு' என்று ஒரு வாலைக் கட்டிவிட்டு, பழியை யார் தலையில் வைப்பது என்பதை வாலிலேயே முடிவு செய்கிற சாமர்த்தியம் நமக்கு. ஆங்கிலத்துக்காரர் இதற்குத் தனியாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும்.

கே: தமிழில் இப்படி இரட்டை அர்த்தக் குழப்பமே கிடையாதுதானே?
– தமிழார்வலர், பல்லாவரம்

ப: உண்டு, ஆனால் நேர் எதிர்ப்பக்கம். பரீட்சையில் வென்றவனும் 'தேறினான்', நோயிலிருந்து எழுந்தவனும் 'தேறினான்'. குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காச நோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையால் வந்த பெயர். குரோம்பேட்டையில் எம்.ஐ.டி., 1949-ல் சி. ராஜம் தொடங்கியது, அப்துல் கலாம் படித்தது. ஒரு ஸ்டேஷனில் உடம்பு தேறியவர்கள், மறு ஸ்டேஷனில் படிப்பில் தேறியவர்கள். ஆங்கிலேயன் சொல்லில் படித்து முடித்தவன் மயங்கி விழுகிறான்; நம் சொல்லில் எழுந்து உட்காருகிறான்.

கே: வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பும் பயோடேட்டாவில் '2022 பாஸ் அவுட்' என்று போடலாமா?
– வேலை தேடுபவர், பெருங்களத்தூர்

ப: வேண்டாம், 'கிராஜுவேட்டட்' என்று போடுங்கள். உள்ளூர் கம்பெனி என்றால் தாராளமாகப் போடலாம்; வாக்-இன் விளம்பரத்தில் அவர்களே அப்படித்தான் கேட்கிறார்கள்.

கே: காலேஜை விட்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. நாலு அரியர் பாக்கி. நான் பாஸ் அவுட்டா, இல்லையா?
– பெயர் வேண்டாமே, மேற்குத் தாம்பரம்

ப: 'அவுட்' உறுதி, தம்பி. 'பாஸ்'தான் பாக்கி.