ராமாயணத்தைக் கெடுத்த கம்பி

1987-88-ல் புழலில் எங்கள் தெருவுக்கு ராமாயணத்தைக் கெடுத்தவன் நான்தான். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு தூர்தர்ஷனில் தொடர் ஆரம்பிக்கும். தெருவுக்கு இரண்டு மூன்று டி.வி. பெட்டிதான் என்பதால், பெட்டி இருக்கிற வீட்டுக் கூடத்தில் பாதித் தெரு உட்கார்ந்திருக்கும். உரிமம் வாங்கி வீட்டிலிருந்தே பொழுதுபோக்காக ஒயர்லெஸில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களான நாங்கள் 40 மீட்டர் அலைவரிசையில் கூடிப் பேசுவதும் ஞாயிறு காலையில்தான். நான் மைக்கை அழுத்தியதும் எதிர்வீட்டுத் திரையில் வரிவரியாகக் கோடு ஓடும். ராமர் வாயசைப்பார், "யு ஆர் ஃபைவ் நைன் இன் மெட்ராஸ், ஓவர்" என்று என் குரல் வரும்.

எதிர்வீட்டு ஆயா நேராக மாடிக்கே ஏறி வந்துவிட்டார். "ஏம்ப்பா, ராமர் பேசறப்ப நடுவுல நீ இன்னாத்துக்கு இங்கிலீஷ் பேசற?"

ராமர் பேசிய இந்தியும் ஆயாவுக்குப் புரியாது என்பது வேறு விஷயம்.

குற்றம் பாதி என் கருவியுடையது, பாதி அந்தக் காலத்து டி.வி. பெட்டியுடையது. 7 மெகாஹெர்ட்ஸில் கிளம்புகிற அலையோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று குட்டி அலைகளும் ஒட்டிக்கொண்டு கிளம்பும். அதில் ஏதாவது ஒன்று டி.வி. அலைவரிசையின் தலையில் போய் உட்காரும். இரண்டு சுருளும் சில கண்டென்சரும் வைத்து ஃபில்டர் கட்டினேன். கொஞ்சம் குறைந்தது. அதைவிட நல்ல வழியாக, ராமர் வருவதற்குள் பேச்சை முடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இன்று கதை தலைகீழ். தெருவில் யாருக்கும் என்னால் தொந்தரவில்லை. தெருதான் எனக்குத் தொந்தரவு. எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், சி.சி.டி.வி. அடாப்டர் எல்லாமே மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி ஒட்டுகிற ஜாதி. வெட்டுகிற ஒவ்வொரு முறையும் காற்றில் கொஞ்சம் குப்பை கொட்டும். ரிசீவரைப் போட்டால் சிக்னல் காட்டும் முள் 'ஒன்பது' தாண்டி நிற்கிறது. காதில் விழுவது வெறும் இரைச்சல். பாகிஸ்தானையும் ஜப்பானையும் தலையணிக் கருவியில் கேட்ட அதே இடத்தில் இன்று ஆவடியைக் கேட்பதே பெரிய பாடு. யார் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க பல்பு என் ரேடியோவைக் கெடுக்குது" என்று சொல்வது? ஆயாவுக்கு இருந்த உரிமை எனக்கு இல்லை.

அப்போது கருவியைக் கடையில் வாங்க முடியாது. 85-ல் மூர் மார்க்கெட் எரிந்துபோகும் வரைக்கும் பட்டாளத்துக் கழிவுச் சரக்கெல்லாம் அங்கேதான் குவியும். பிறகு ரிச்சி தெரு. 807 என்றொரு வால்வு, கத்தரிக்காய் அளவில் இருக்கும். அது ஒன்று கிடைத்துவிட்டால் பாதிக் கருவி தயார். ஆன்டெனாவுக்குச் செலவே இல்லை. 66 அடி செப்புக் கம்பி, நடுவில் வெட்டி ஒரு கேபிள், தூக்கிக் கட்ட வீட்டுத் தென்னை. மின்சாரம் போனால் ஜி.என்.டி. ரோட்டு லாரி ஷெட்டில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரவல் கிடைக்கும். புழலில் அதற்குப் பஞ்சமே வந்ததில்லை.

பஞ்சம் உரிமத்துக்குத்தான். நிமிஷத்துக்கு ஐந்து வார்த்தை மோர்ஸ் அடிக்கவும் கேட்கவும் தெரிந்தால் இரண்டாம் வகுப்பு, பன்னிரண்டு என்றால் முதல் வகுப்பு. கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற திருவொற்றியூர்ப் பெரியவர் ஒருவர் எங்களுக்கு வாத்தியார். அடிக்கும் கட்டையைத் தொடவே விடமாட்டார். "மொதல்ல காது. கை அப்புறம்" என்பார். பக்கத்து அறையில் அவர் மனைவி வெங்காயம் நறுக்கும் சத்தத்தைக் கேட்டு, அது என்ன எழுத்து என்று எங்களைக் கேட்பார். கடலில் மோர்ஸ் கேட்டுக் காத்திருக்கும் கட்டாயம் 1999 பிப்ரவரியோடு முடிந்தது; கப்பல்களுக்கு சாட்டிலைட் வந்துவிட்டது. அவர் அதைக் கேட்டு, "பரவால்ல, இனிமே பொத்தான அமுக்கினா போதும். ஆனா எதிர்ல ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருக்கணுமில்ல" என்றார்.

தேர்வு எழுதி டெல்லிக்கு விண்ணப்பம் அனுப்பினால், விசாரணைக்கு வீட்டுக்குப் போலீஸ் வரும். எனக்கு வந்தவர் நல்ல மனிதர். மோர் குடித்துவிட்டுக் கேட்டார்:

"ஒயர்லெஸ்ல யார்கிட்ட சார் பேசுவீங்க?"

"யார் கிடைச்சாலும்."

"என்ன பேசுவீங்க?"

"நான் பேசறது எப்படி கேக்குதுன்னு கேப்பேன் சார். அவங்க பேசறது எப்படி கேக்குதுன்னு சொல்வேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

இரக்கத்தோடு பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். 1991 மே 21-க்குப் பிறகு இரக்கம் போய்விட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, ஒயர்லெஸ் என்றாலே யாழ்ப்பாணத்துக்குப் பேசுகிறவன் என்றாகிவிட்ட காலம். காவாங்கரையில் இலங்கை அகதிகள் முகாம் இருக்கும் ஊரில், மாடியில் கம்பி கட்டியிருப்பவனைப் பார்த்துத் தெரு குசுகுசுத்ததில் ஆச்சரியமில்லை. இறந்துபோன ராஜீவ் காந்தியே உரிமம் வாங்கிய ஹாம், அவருடைய அழைப்புக் குறி வி.யு.2 ஆர்.ஜி. என்று நான் சொல்லிப் பார்த்தேன். அதைச் சொன்னதும் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இப்போது பன்னிரண்டு வயதுப் பையனே தேர்வு எழுதலாம். விண்ணப்பம் இணையத்தில். கீழ்நிலை உரிமத்துக்கு மோர்ஸே வேண்டாம். மேல்நிலைக்கு எட்டு வார்த்தை போதும். எங்கள் வால்வுக் கருவியின் எடையில் ஒரு துளிகூட இல்லாத சீனத்துக் கைக்கருவி சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. உரிமம் இல்லாமல் அதை வைத்திருந்தால் சட்டப்படி குற்றம் என்பதை மட்டும் யாரும் படிப்பதில்லை. புழல் என்ற பெயரோடு இன்று அடிக்கடி செய்தியில் வரும் தகவல் தொடர்புக் கருவி, சிறைக்குள் பிடிபடும் செல்போன்தான்.

பொழுதுபோக்காக ஆரம்பித்ததை முடிவில் ஊர் வாங்கிக்கொள்வது சென்னைக்குப் புதிதில்லை. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஆரம்பித்து, ஆசைக்காக ஒலிபரப்பு நடத்தினார்கள். மூன்றே வருஷத்தில் காசு தீர்ந்தது. கருவி மாநகராட்சி கைக்குப் போனது. ஹாம்களின் சரித்திரமே இப்படித்தான்: ஆசை நம்முடையது, முடிவில் ரசீது வேறு யாருடையதோ.

2004 டிசம்பரில், ஓர் அவசரத்தில், இதை உலகமே பார்த்தது. அந்தமானில் ஹாம் ரேடியோ பல வருஷம் தடைப்பட்டிருந்தது. நெடுநாள் போராடி அனுமதி வாங்கி, ஹைதராபாத் நிறுவனமொன்றின் சார்பில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேர் போயிருந்தது. போனது வெறும் விளையாட்டுக்கு. அபூர்வமான இடத்திலிருந்து பேசினால் உலகத்து ஹாம்கள் வரிசையில் நிற்பார்கள். முடிந்த மட்டும் பெயர் சேர்க்கலாம். 26-ம் தேதி காலை நிலம் ஆடியது, கடல் வந்தது. தீவில் தொலைபேசி படுத்துவிட்டது. வரிசையில் நின்றவர்களை எல்லாம் நிறுத்திவிட்டு, அதே கருவியில் அந்த அம்மாள் உயிரோடு இருப்பவர்களின் செய்தியைக் கரைக்கு அனுப்ப ஆரம்பித்தார். இங்கே எண்ணூரிலும் காசிமேட்டிலும் அதே கடல் ஏறி இறங்கியிருந்தது. விளையாட்டுக்கு அனுமதி கிடைக்காமல் இன்னும் ஒரு மாதம் இழுத்திருந்தால் அங்கே ஆன்டெனாவே இருந்திருக்காது.

எங்கள் முறை 2015 டிசம்பர் வெள்ளத்தில் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரி பற்றி ஊரறியும். வடக்கே புழல் ஏரியும் நிறைந்து, உபரி நீர் வடபெரும்பாக்கம், மணலி வழியாகக் கொசஸ்தலையாறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. டிசம்பர் 2 அன்று செல்போனில் கட்டம் ஒன்றுகூட இல்லை. டவர் என்பது கம்பமும் பெட்டியும் மட்டுமல்ல. அடியில் ஒரு பேட்டரி, ஒரு டீசல் ஜெனரேட்டர். சில மணி நேரத்தில் பேட்டரி தீரும். டீசல் லாரி வெள்ளத்தில் வராது. அவ்வளவுதான் டவரின் ஆயுள்.

அன்று இரவு ரிசீவரைப் போட்டேன். சிக்னல் முள் கீழே விழுந்து கிடந்தது. இரைச்சல் துளிகூட இல்லை. ஊரில் ஒரு பல்பும் எரியவில்லையே. எங்கோ ஒருவர் மெல்லத் தொண்டையைச் செருமுவது கூடக் காதில் விழுந்தது. 1987-க்குப் பிறகு என் மாடியில் அவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை. சென்னை முழுவதும் இருட்டானால்தான் எனக்குக் காது கேட்கும் என்பது கொடுமையான சௌகரியம்.

மறுநாள் பள்ளிக்கூட முகாம் ஒன்றில் கைக்கருவியோடு நிறுத்தினார்கள். பேரிடர்க் காலத்தில் மட்டும் மூன்றாம் ஆளின் செய்தியை நாங்கள் கடத்தலாம். அதுவும் ஆட்சியர் போன்ற அதிகாரிகள் வழியாக வரவேண்டும் என்பது விதி. முகாம் அதிகாரி முழுத்தாளில் எழுதிக் கொடுத்தார். "மேற்படி முகாமில் தங்கவைக்கப்பட்டுள்ள பொதுமக்களின் அத்தியாவசியத் தேவையினைக் கருத்திற்கொண்டு" என்று ஆரம்பித்து, "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று முடிந்தது. நடுவில் எங்கேயோ பால் பவுடர் ஒளிந்திருந்தது. நான் படித்துச் சுருக்கினேன்: "பள்ளி முகாம். ஆட்கள் இருநூறு. கைக்குழந்தை முப்பது, மூன்று, சைபர். பால் பவுடர், இன்சுலின் தேவை. லாரி வரும், படகு வேண்டாம். முடிந்தது." எதிர்முனை அப்படியே திருப்பிப் படித்தது. எண் சரி, பொருள் சரி. அதிகாரி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள' சொல்லவே இல்லியே?"

லாரி வந்தது. கீழ்ப்படிந்துள்ள வராமலேயே வந்தது.

இந்தச் சுருக்கம்தான் எங்கள் வித்தை. கருவி இரண்டாம் பட்சம். ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்கக்கூடாது. நெட் கண்ட்ரோல் என்று ஒருவர் இருப்பார். அவர் கூப்பிட்டால்தான் பேசவேண்டும். கேட்டதை எழுதிக்கொள்ள வேண்டும், திருப்பிச் சொல்ல வேண்டும், தெரியாததைச் சொல்லக்கூடாது. செல்போன் உயிர்பெற்ற பகுதிகளில் அதே நாட்களில் என்ன நடந்தது என்பதும் நினைவிருக்கும். நாசா எச்சரித்தது என்று ஒரு புரளி. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக ஒரு புரளி. ஏரிக்கரை உடைந்துவிட்டதாம் என்று கேட்டு, மூட்டை முடிச்சோடு ரோட்டுக்கு ஓடி வந்த குடும்பங்களை நானே பார்த்தேன். ஒரே செய்தி நூறு பேரிடம் போய்ச் சேர்ந்தது. யாரும் திருப்பிப் படித்துச் சரிபார்க்கவில்லை.

அடுத்த வருஷம் டிசம்பர் 12, வர்தா புயல். பண மதிப்பிழப்பு வந்து ஐந்து வாரம். கையில் ரொக்கமில்லை, கார்டு தேய்க்க லைனில்லை. என் தென்னையும் விழுந்தது. கம்பியை எடுத்து மாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவருக்கும் இழுத்துக் கட்ட கால் மணி நேரம் ஆனது. பக்கத்தில் முறிந்து தொங்கிய செல்போன் டவரை நிமிர்த்த நாட்கள் ஆயின. கம்பி கட்ட இடம் கொடுத்தவன் ஆயாவின் மகன். "கட்டிக்கோண்ணா. எங்க அம்மா இருந்தா ராமாயணம் ஓடுதான்னு கேட்டிருக்கும்" என்றான்.

புயல் ஓய்ந்ததும் கூட்டம் போடுவார்கள். ஹாம் ரேடியோ அவசியம் என்று பேசுவார்கள். டீ, போண்டா, சால்வை. பொங்கலுக்குள் மறந்துபோகும். 2023-ல் மிக்ஜாம் வந்தபோது மறுபடி அதே கூட்டம், அதே போண்டா.

என் வீட்டு மனையில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. நான் இரண்டாவது மாடி. மொட்டைமாடியில் கம்பி கட்ட அனுமதி கேட்டு எழுதினேன். கதிர்வீச்சு வரும், குழந்தைகள் இருக்கிறார்கள் என்று சங்கக் கூட்டத்தில் மறுத்துவிட்டார்கள். பக்கத்துக் குடியிருப்பின் மொட்டைமாடியை மாத வாடகைக்கு டவர் கம்பெனி எடுத்திருக்கிறது. நம்ம மாடியையும் கேட்டால் நல்லது என்பது அதே கூட்டத்தின் அடுத்த தீர்மானம். டவருக்கு வாடகை வருமாம், கதிர்வீச்சு வராதாம். நான் ஜன்னல் கம்பியை ஆன்டெனாவாக்கிக்கொண்டு பேசுகிறேன். முப்பது வாட்டில் கோயம்புத்தூர் வரைக்கும் போகிறது, ராத்திரியில்.

காசிமேட்டு விசைப்படகில் இன்றும் வி.எச்.எஃப். ஒயர்லெஸ் இருக்கிறது. அவர்களுக்கு அது பிழைப்பு. கண்ணுக்கெட்டும் தூரத்தைத் தாண்டி அது அதிகம் போகாது என்பதை 2017-ல் ஒக்கி புயல் குமரிக்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்தது. கரையிலாவது, ஒவ்வொரு வார்டிலும், தூரம் போகும் சிற்றலையில் கேட்டுத் திருப்பிச் சொல்லத் தெரிந்த ஒருவராவது இருந்தால் நல்லது. மணலியில் ஒருவர், எண்ணூரில் ஒருவர், ராயபுரத்தில் ஒருவர். அதிகம் கேட்கவில்லை.

தேர்வுக்கு 'சரல் சஞ்சார்' தளத்தில் விண்ணப்பிக்கலாம். வயது பன்னிரண்டு நிறைந்திருந்தால் போதும். அடிப்படை எலக்ட்ரானிக்ஸும் விதிகளும்தான் பாடம். பத்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டு மாதத்தில் படித்துவிடும். படித்து, எழுதி, உரிமம் கைக்கு வர எப்படியும் மாதங்கள் ஓடும். இந்த ஐப்பசி மழைக்குள் வேண்டுமென்றால் சித்திரையிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். அடுத்த ஐப்பசிக்கு இன்றைக்கே எழுதிப் போடுங்கள்.