ஓடாத வண்டியின் வயது

"வீட்டுலயே நின்ன வண்டி சேர், ஓட்டவே இல்ல." பதுளைப் பக்கம் பழைய கார் விற்பவர்கள் இப்போது இந்த ஒரு வார்த்தைக்கே இலட்சக் கணக்கில் கூட்டிக் கேட்கிறார்கள். மீட்டரில் 40,000 கிலோமீட்டருக்குள் நிற்கும் கார் கிடைத்துவிட்டால் வாங்குகிறவர் வேறு எதையும் பார்ப்பதில்லை. என் அப்பா மடுல்சீமையில் தோட்ட லொறி ஓட்டிய 1970களில் நிலைமை நேர் எதிர். நின்ற வண்டி என்றாலே சந்தேகம்தான். "ஏன் நின்னுச்சு, எவ்வளவு நாளா நின்னுச்சு?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்காமல் அவர் அதன் பானட்டைக்கூடத் தொடமாட்டார்.

அவருடைய பெட்போர்ட் லொறி நிற்க நேரமில்லாத வண்டி. மலையில் கொழுந்து ஏற்றி ஸ்டோருக்கு, பிறகு தேயிலைப் பெட்டிகளோடு பசறை வழியாகப் பதுளை ரயில் நிலையத்துக்கு, திரும்பும்போது அரிசி, மாவு, உரம். ரயில் பாதை 1924இல் பதுளையோடு முடிந்துபோனது. அதற்கு அப்பால் மலைமலையாகக் கிடந்த எங்களுக்கெல்லாம் லொறிதான் வழி. ஜூலை, ஆகஸ்டில் கச்சான் காற்று அடித்து ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்பெற்ற வாசம் ஏறும் நாட்களில் வண்டிக்கு ஓய்வு என்ற பேச்சே கிடையாது. மாலையில் ரன்னிங் சார்ட்டை எழுதிக் கிளாக்கர் ஐயாவிடம் கையெழுத்து வாங்குவார். ஒயில் மாற்றிய நாளில் மட்டும் சிவப்பு மை. மைலையும் எழுதுவார், தேதியையும் எழுதுவார்.

இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த வருடங்கள் அவை. ஒரு ரப்பர் வாஷருக்கே மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படி இருந்தும் ஒயில் மாற்றுவதை அப்பா தள்ளிப்போட்டதில்லை. அன்றைய ஒயில் ஓரிரு ஆயிரம் மைலில் தளர்ந்துவிடும். ஸ்டிக்கை இழுத்து ஒரு சொட்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்ப்பார். வழவழப்பு இருக்கிறதா, துகள் நெருடுகிறதா என்று பார்ப்பார். அப்புறம் மோந்து பார்ப்பார். பெட்ரோல் வாசம் வந்தால் முகம் மாறும். எஞ்சின் சூடு ஆறுவதற்குள் கீழ் நட்டைக் கழற்றி வடிய விடுவார், சூட்டில்தான் அடியில் தங்கிய அழுக்கும் சேர்ந்து இறங்கும் என்பதால். வடித்த ஒயிலும் வீணாகாது. கறையான் அண்டாமல் இருக்க லயத்துக் கூரை மரங்களுக்குப் பூசிவிடுவார்கள்.

ஒரு கார் ஓடாமல் நிற்பது பெருமையானது வெகு பிந்தித்தான். அந்நியச் செலாவணியை மிச்சம்பிடிக்க 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்குத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்கள் வாங்கிய விலையையும் தாண்டி விற்றன. நடுவில் 2022 வந்தது: பெட்ரோல் செட் வாசலில் இரவு பகலாக வரிசை, 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய், பிறகு கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர். தோட்டத்து ஜனங்கள் பஸ்ஸுக்கும் வழியில்லாமல் நடந்தார்கள். கார் வைத்திருந்தவர்கள் அதைத் துணி போட்டு மூடினார்கள். 'குறைவாக ஓடியது' என்று இன்று சந்தைக்கு வருபவற்றில் பல, அந்த வருடங்களை மூடிய துணிக்குள் கழித்தவை. அந்தக் காலம் முழுவதும் மீட்டர் அசையவில்லை. பானட்டுக்குக் கீழே இருந்தவற்றுக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருந்தது.

போன வருடம் நாங்கள் வாங்கிய சிறிய காரும் அந்த ரகம். 2012இல் ஜப்பானில் செய்தது, 2015இல் இங்கே பதிவானது, மீட்டரில் 38,000. மீட்டரைத் திருப்பவில்லை என்பதை மிதிகளின் தேயாத ரப்பரும் பளபளப்பு ஏறாத ஸ்டியரிங்கும் சொல்லின. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில், ஓரம் நகத்தளவு கிழிந்த ஜப்பானிய ஸ்டிக்கர் ஒன்று. அங்கே வேலை செய்யும் என் தம்பி மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "எஞ்சின் ஒயில் மாத்துனது ஹெய்செய் 26, பெரியப்பா. நம்ம கணக்குக்கு 2014" என்றான். அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீட்டரும் மாதமும் அதிலேயே அருகருகே எழுதியிருந்தன. அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் நின்ற காருக்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

அவன் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை உலுக்கியது. ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் வருடம் முழுச் சோதனை கட்டாயம். அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. ஷாகென் என்பார்கள். பிரேக் ஒயிலை அப்போதுதான் வழக்கமாக மாற்றுவார்கள். செலவு பிடித்த சோதனை என்பதால் அதற்கு முன்பே காரை ஏலத்தில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. இப்படி மூன்று வயதில் கப்பலேறும் கார்களில் எங்கள் கார் ஒன்று என்றால், தொழிற்சாலையில் ஊற்றிய பிரேக் ஒயிலே இன்னும் உள்ளே இருக்கலாம். இங்கே பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. சொந்தக் காருக்கு 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனை மட்டுமே. அந்தப் பரிசோதனைக் குழாய் காரின் வாலைத்தான் மோப்பம் பிடிக்கும்; பிரேக் பக்கம் போகாது.

பசறையில் கராஜ் வைத்திருக்கும் தம்பி ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். "முப்பத்தெட்டுதானே சேர் ஓடியிருக்கு? தொடாம விடுங்க. மாத்தப் போனா சீல் போயிரும்" என்றார். அவர் பேச்சில் ஒரு பாதி நியாயம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். எதை மீட்டர் பார்த்து மாற்றுவது, எதை நாட்காட்டி பார்த்து மாற்றுவது என்பதை முதலில் இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். கியர் ஒயில் பெரும்பாலும் ஓட்டத்திலும் சூட்டிலும் கெடுவது; அதற்கு அவசரமில்லை, மாற்றும்போது சி.வி.டி. கியருக்கு அதற்கென்றே உள்ள ஒயிலைத்தான் ஊற்ற வேண்டும். கூலன்ட் வருடத்தாலும் கெடும். துருவைத் தடுக்கும் மருந்து அதில் தீர்ந்துவிடும், நடுவில் யாராவது பீலித் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருந்தால் இன்னும் மோசம். மாற்றினோம். எஞ்சின் ஒயில் பார்க்கத் தங்க நிறத்தில் இருந்தது. அந்த நிறத்தை நம்பக்கூடாது. இன்றைய ஒயில் கறுத்தால் அழுக்கைத் தாங்கி நிற்கிறது என்று அர்த்தம்; கறுக்காத ஒயிலுக்குள் நீரும் அமிலமும் இருக்கலாம். கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் காரில், அதிலும் மடுல்சீமைக் குளிரில், எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுகிறோம். உள்ளே படியும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக நேரம் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட காருக்கு 5,000 கிலோமீட்டர் வரட்டும் என்று காத்திருக்காமல் ஆறு மாதத்தில் மாற்றுவது நல்லது. வருடத்தைத் தாண்டவே கூடாது.

பிரேக் ஒயில் கதை தனி. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இரசாயனம்; மூடியின் சிறு துவாரம் வழியாக, ரப்பர்க் குழாய்களின் சுவர் வழியாகக்கூட ஈரம் போய்ச் சேரும். கார் ஓடினாலும் நின்றாலும் அதற்கு ஒன்றுதான். ஐப்பசி தொடங்கித் தை வரை மழையும் பனிமூட்டமும் விடாத எங்கள் ஊரில் அதைக் கேட்கவே வேண்டாம். புது டொட் 4 ஒயில் கொதிப்பதற்குக் குறைந்தது 230 பாகை வேண்டும். நூற்றுக்கு நாலு பங்கு கூட நீர் சேர வேண்டாம், அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். டொட் 3 என்றால் 205இலிருந்து 140. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும். ஒயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதி தளர்ந்து தரையைத் தொடும், சக்கரத்தில் பிரேக் பிடிக்காது. கீழே வந்து சூடு ஆறியதும் எல்லாம் சரியாகத் தெரியும் என்பதால் கராஜிலும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

சீல் பற்றி அந்தத் தம்பி பயந்ததும் வீண் பயம் இல்லை. பல வருடம் பிஸ்டன் ஒரே தூரத்துக்குள் ஓடிய மாஸ்டர் சிலிண்டரில் அதற்கு அப்பால் உள்ள பகுதி துருப்பிடித்துச் சொரசொரத்திருக்கும். மிதியை அடிவரை அழுத்தினால் ரப்பர் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். அப்பா இதற்கு மிதிக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைப்பார். நானும் வைக்கச் சொன்னேன். பழைய ஒயிலைக் கிண்ணத்திலிருந்து ஊசிக் குழாயால் உறிஞ்சி எடுத்தபோது அது பிளேன்டீ நிறத்தில் இருந்தது. புதிதாகத் திறந்த டின்னிலிருந்து ஊற்றி, தூரத்துச் சக்கரத்தில் தொடங்கினார். நிப்பிளில் மாட்டிய தெளிந்த குழாயின் மறுமுனை ஒரு போத்தலுக்குள். "மிதிங்க சேர்... புடிச்சிக்குங்க... விடுங்க." சின்ன வயதில் லொறிக்குள் ஏறி உட்கார்ந்து இதே வேலையைச் செய்தவன் நான். குழாயில் முதலில் பழுப்பு, பிறகு இரண்டு மூன்று குமிழி, அதன்பின் மெல்ல மெல்ல நிறம் வெளுத்து வந்தது. நாலு சக்கரமும் முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காரின் விலையோடு பார்த்தால் அந்தச் செலவு கணக்கிலேயே வராது.

மடுல்சீமைக்கு இப்போது சின்ன உலக முடிவு என்னும் மலை விளிம்பைப் பார்க்க வெளியூர்க் கார்கள் நிறைய வருகின்றன. அவை திரும்பி இறங்கும்போது வளைவுகளில் பிரேக் தீய்ந்த வாடை அடிக்கிறது. அப்பா சுமையோடு இறங்கும்போது லொறி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டே வரும். அவர் கால் பிரேக்கை எப்போதாவதுதான் தொடும். ஓட்டோ கியர் காரிலும் 'எல்' என்றோ 'எஸ்' என்றோ இறக்கத்துக்கு ஒரு நிலை இருக்கிறது. 'டி'யிலேயே வருகிறவர்கள்தான் அதிகம். பள்ளத்தின் ஆழம் என்னவென்று இந்தப் பக்கத்தவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2021 மார்ச் 20 காலை பசறை 13ஆம் கட்டையில் பஸ் விழுந்தபோது போனவர்களின் வீடுகள் இங்கேதான் இருக்கின்றன.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வருடாவருடம் கார்கள் புகைப் பரிசோதனைக்கு வருகின்றன. பிரேக் ஒயிலில் எத்தனை வீதம் நீர் என்று விளக்கு எரிந்து காட்டும் பேனா அளவுக் கருவி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. கிண்ணத்தின் மூடியைத் திறந்து முனையை நனைத்தால் போதும், ஒரு நிமிட வேலை. புகையின் அளவை அச்சிடும் அதே தாளில் அந்த வீதத்தையும் அச்சிடட்டும், குறைந்தபட்சம் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களிலாவது. காரை விற்கும்போது வாங்குகிறவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.