சென்டம் சாரின் தத்துவம்

ஆசிரியர் தின மலருக்காக ஒரு பையன் வந்தான். "உங்கள் கற்பித்தல் தத்துவம் என்ன சார்?" கேள்வி கேட்டதற்காக முதலில் பெஞ்ச் மேல் ஏறி நிற்கச் சொன்னேன். தத்துவமே அதுதான்: கேள்வியைக் கேள்வித்தாள் கேட்கும், நீ பதிலை ஒப்பி.

எங்கள் பக்கம் இரண்டே தொழில், கோழியும் கல்வியும். இரண்டுக்கும் விடிய விடிய விளக்கு எரியும். எடை பார்த்துத்தான் அனுப்புவோம்.

நான் வேதியியல். நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையம் வரும் என்று எழுதாத மாணவன் என்னிடம் கிடையாது, பார்த்த மாணவனும் கிடையாது. லேப் சாவி ஆபீசில் பத்திரமாக இருக்கிறது. 'ஏன் பழுப்பு?' என்பவனுக்கு இம்போசிஷன். புக் பேக்கில் இல்லாத 'ஏன்' எதற்கு?

பிளஸ் ஒன் பாடம் என்ற ஒன்றையே நாங்கள் அறியோம். ஜூனில் சேர்ந்தவன் ஜூலையில் பிளஸ் டூ படிப்பான். 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்து வயிற்றில் அடித்தார்கள். 2025இல் அதை ரத்து செய்து பால் வார்த்தார்கள். நீட்டில் ஏறக்குறையப் பாதிக் கேள்வி அந்தப் பாடத்திலிருந்துதானே என்கிறீர்களா? அதற்குத்தான் கிராஷ் கோர்ஸ். நடத்தாமல் விட்டதற்கு ஒரு பீஸ், நடத்துவதற்கு இன்னொரு பீஸ்.

ரேங்க் பட்டியலை 2017லேயே அரசு நிறுத்திவிட்டது. ஃபிளெக்ஸ் அடிப்பவர் நிறுத்தவில்லை. நூறு சதவீதத் தேர்ச்சி எப்படி என்று வியக்கிறார்கள். ஒன்பதாவதிலேயே மந்தமானவனுக்கு டிசி கிழித்துவிடுவோம். அவன் அரசுப் பள்ளிக்குப் போவான். அங்கே ஒரு டீச்சர் அவனை உட்காரவைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித்தருவார். அப்படியும் அவன் பெயிலானால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அந்த டீச்சர். விருது மேடையில் சால்வை எனக்கு.

அடிப்பீர்களாமே என்று ஒரு தாய் கேட்டாள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிக்கவும் மனத்தை நோகடிக்கவும் கூடாது என்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் 14 வயது வரைதானே அம்மா! உங்கள் பையனுக்கு 16.

கணக்கு சரியாக இருந்ததால் அந்த அம்மா பேசவில்லை. இரண்டாம் தவணையைக் கட்டிவிட்டுப் போனாள். மகனைப் பார்க்க அனுமதி அடுத்த மாதம்தான்.

மலர்க்காரப் பையன் இன்னும் பெஞ்ச் மேல்தான் நிற்கிறான். சொன்னதை அப்படியே நூறு தடவை எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்தாவது திருந்தட்டும்.